சி.டி. ஸ்கேன் கதிர்வீச்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சி.டி. ஸ்கேன் கதிர்வீச்சு பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தோம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆர்க்காடு முழுவதும் இருந்து கடிதங்கள் வந்துவிட்டன. பாதிப் பேருக்கு ஸ்கேன் என்றாலே பயம். மீதிப் பேர், தலைவலி என்றால்கூட ஸ்கேன் எடுத்தால்தான் நிம்மதி என்கிறார்கள். கதிரியக்கப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்கிற முறையில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். உங்களை நேரில் பார்த்த மருத்துவர் சொன்னதற்கு மேல் என் பதிலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கே: என் பேரனுக்கு நாலு வயது. திண்ணையிலிருந்து விழுந்து நெற்றி புடைத்துவிட்டது. உடனே அழுதான், மயக்கம் இல்லை, ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தான். டாக்டர் சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்கேன் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். "தலை விஷயம், காசு பார்க்காமல் எடுத்துவிடு" என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எடுத்துவிடலாமா?
— ஒரு பாட்டி, குடியாத்தம்

ப: வேண்டாம்மா. அந்த டாக்டர் செய்தது மிகச் சரியான வேலை, இன்னும் சொன்னால் கஷ்டமான வேலை. ஸ்கேன் எழுதிக் கொடுத்து அனுப்புவது இரண்டு நிமிஷம், குழந்தையைப் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கில் கவனிப்பதற்குப் பொறுமையும் துணிச்சலும் வேண்டும்.

தலையில் அடிபட்டு வருகிற பிள்ளைகளில் யாருக்கு ஸ்கேன் தேவை என்று அமெரிக்காவில் 25 மருத்துவமனைகள் சேர்ந்து 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து ஒரு வழிமுறை வகுத்தார்கள், 2009-ல் வெளிவந்தது, பிகார்ன் என்று அதைச் சொல்வார்கள். இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு நினைவு தெளிவாக இருந்து, மயக்கம், வாந்தி, கடுமையான தலைவலி, மண்டை ஓட்டின் அடிப்பக்கம் உடைந்த அடையாளம் இவை எதுவும் இல்லாமல், ஐந்து அடிக்கு மேலிருந்து விழுவது போன்ற பெரிய விபத்தும் இல்லையென்றால், மூளையில் ஆபத்தான காயம் இருக்கும் வாய்ப்பு 2,000-ல் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் பேரன் ஒரு தடவை வாந்தி எடுத்ததால்தான் டாக்டர் உடனே அனுப்பாமல் வைத்துப் பார்த்திருக்கிறார். அதுவும் அந்த வழிமுறையில் உள்ளதுதான்.

ஸ்கேன் எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில், சின்ன வயதில் சி.டி. எடுத்தவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவுகள் 2022, 2023-ல் வந்தன. 10,000 குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு தடவை தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த ஐந்து முதல் பதினைந்து வருடத்துக்குள் கூடுதலாக ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு அந்தக் கதிரால் மூளைப் புற்று வரலாம் என்று கணக்கிட்டார்கள். இரத்தப் புற்றுக்கும் 10,000-ல் ஒன்று, இரண்டு. சின்ன எண்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. நிஜமாகவே மண்டைக்குள் இரத்தம் கசியும் குழந்தைக்கு அந்த ஸ்கேன் உயிரைக் காப்பாற்றும், அங்கே ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாது. ஒன்றுமில்லாத குழந்தைக்குச் சொந்தக்காரர்கள் வாயை அடைக்க எடுத்தால் அந்த ஆபத்துக்கு ஈடாக அவனுக்கு ஒரு பலனும் கிடையாது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது முக்கியமாவதற்குக் காரணம், அவர்கள் உடம்பில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன, பாதிப்பு வெளியே தெரிவதற்கு இன்னும் நீண்ட ஆயுள் இருக்கிறது, அப்புறம் பெரியவருக்கு வைத்த அதே அளவில் எடுத்தால் சின்ன உடம்புக்குள் போய்ச் சேரும் டோஸும் கூடிவிடும்.

வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, எழுப்பினால் எழாமல் சொக்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிந்தாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, ராத்திரி எத்தனை மணியானாலும் வண்டி பிடித்துக் கிளம்பிவிடுங்கள். அப்போது ஸ்கேன் வேண்டுமா என்று யாரையும் கேட்க வேண்டாம்.

கே: கொரோனா சமயத்தில், ஒரு சி.டி. ஸ்கேன் 300 எக்ஸ்ரேக்குச் சமம் என்று டிவியில் ஒரு பெரிய டாக்டர் சொன்னார். இன்னொரு பக்கம் ஐந்து, பத்து எக்ஸ்ரே அளவுதான் என்றார்கள். எது உண்மை?
— வாசகர், காட்பாடி

ப: 2021 மே மாதம் எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரந்தீப் குலேரியா, 300 முதல் 400 எக்ஸ்ரே என்றார். கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் உடனே மறுத்து, இப்போதைய குறைந்த டோஸ் ஸ்கேன் ஐந்து, பத்து எக்ஸ்ரேக்குத்தான் சமம் என்றது. இரண்டுக்கும் பின்னால் கணக்கு இருக்கிறது, எந்த ஸ்கேனை எந்த எக்ஸ்ரேயோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

உடம்பு வாங்கும் கதிரை மில்லிசீவர்ட் என்கிற அளவில் சொல்கிறோம். ஒழுங்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.02, சில இடங்களில் 0.1 வரை போகும். வழக்கமான நெஞ்சு சி.டி. ஆறு, ஏழு. 7-ஐ 0.02-ஆல் வகுத்தால் 350. குறைந்த டோஸ் முறையில் எடுத்த நெஞ்சு சி.டி. சுமார் 1.5 தான், அதை 0.1 எக்ஸ்ரேயோடு வைத்தால் 15, இன்னும் டோஸைக் குறைத்தால் பத்துக்கும் கீழே வரும். அதனால் "எத்தனை எக்ஸ்ரே" என்கிற கேள்வியையே விட்டுவிடலாம் என்பேன். ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருந்தாலே மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம் மேல் படுகிறது. மணவாளக்குறிச்சி, கேரளத்துக் கருநாகப்பள்ளி மாதிரி மோனசைட் மணல் உள்ள கடற்கரைகளில் அதைவிடப் பல மடங்கு. அந்தக் கணக்கில் பெரியவருக்குத் தலை சி.டி. ஏறக்குறைய ஒரு வருஷத்து இயற்கைக் கதிர், வயிற்று சி.டி. எட்டு முதல் பத்து மில்லிசீவர்ட், அதாவது மூன்று, நாலு வருஷத்துக் கதிர்.

பத்து மில்லிசீவர்ட் வாங்கிய 2,000 பேரில் ஒருவருக்குப் பிற்காலத்தில் அதனால் உயிரைப் பறிக்கும் புற்று வரலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஹிரோஷிமா, நாகசாகியில் அதிக டோஸ் பட்டவர்களின் கணக்கிலிருந்து கீழ்நோக்கி இழுத்துப் போட்டது அது. ஸ்கேனே இல்லாமல் இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்று வரலாம் என்கிற மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கே: எனக்கு 38 வயது, ஷூ கம்பெனியில் வேலை. கிட்னியில் கல் வந்து வந்து போகிறது. வலி வரும்போதெல்லாம் வேறு வேறு இடத்தில் காட்டுகிறேன், எல்லா இடத்திலும் வயிற்று சி.டி. எழுதுகிறார்கள். இப்போதும் எழுதிவிட்டார்கள். எடுக்கலாமா?
— வாசகர், ஆம்பூர்

ப: உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது "வேறு வேறு இடத்தில்" என்பதுதான். நம் ஊர் வெயிலுக்கும் நாம் குடிக்கிற தண்ணீருக்கும் கல் என்பது ஒரு தடவையோடு முடிகிற விஷயம் இல்லை. ஒவ்வொரு தடவையும் புது இடத்துக்குப் போய் பழைய படத்தைக் காட்டாமல் இருந்தால், அந்த டாக்டருக்கு நீங்கள் முதல் தடவை வந்த நோயாளி. அவர் முதலிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

கல் அடைப்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட் பார்ப்பதில் தவறில்லை. அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த 2,759 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களுக்கும் சி.டி.யில் தொடங்கியவர்களுக்கும் ஆபத்தான நோய் தவறிப்போவதில் பெரிய வித்தியாசம் இல்லை, கதிர் மட்டும் குறைந்தது. அல்ட்ராசவுண்டில் ஒரு கதிரும் கிடையாது. காய்ச்சலோடு வலி, ஒற்றைக் கிட்னி, வலி குறையவே இல்லை, ஆபரேஷன் முடிவு செய்ய வேண்டும் என்றால் சி.டி. தேவைப்படும், அப்போது தயங்காதீர்கள். "கல்லுக்கான குறைந்த டோஸ் ஸ்கேனா?" என்று மட்டும் கேளுங்கள். ரொம்பப் பருமன் இல்லாத உடம்புக்கு மூன்று, நாலு மில்லிசீவர்டுக்குள்ளேயே கல் நன்றாகத் தெரிந்துவிடும். கல்லைப் பார்க்க, படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் சாய மருந்து தேவையில்லை. ஊசி போடாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை என்று மூன்று கட்டமாக எடுத்தால் டோஸும் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகும். கட்டி, இரத்தக்குழாய் என்று சந்தேகம் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. கல் மட்டும் என்றால் ஏன் என்று கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கே: என் மகளுக்கு ஒன்பது வயது. ஸ்கூலில் ஃபிட்ஸ் வந்து, தலை சி.டி.யில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது, பூச்சிக்கட்டி என்றார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டுமாம். நாங்கள் சைவம், இது எப்படி வந்தது? மறுபடி ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?
— ஒரு தாய், ஆரணி

ப: சகோதரி, இந்தப் புள்ளியின் கதையில் நம் வேலூருக்கே பெரிய பங்கு இருக்கிறது. 1980-களில் இந்தியாவில் வலிப்போடு வருகிறவர்களின் ஸ்கேனில் இப்படி ஒற்றைப் புள்ளி தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று முடிவு செய்து மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்துவிடுவார்கள். சி.எம்.சி. மருத்துவமனையின் மூளை நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர், அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் தங்கியதால் வந்தவை என்று திசுவை எடுத்துப் பார்த்தே காட்டினார்கள். ஸ்கேனை வைத்து இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று அவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. பின்னால் வேலூர் மாவட்டத்திலேயே எடுத்த கணக்கில், தொடர்ந்து வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுதான் காரணமாக இருந்தது.

சைவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புழு உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகாமல் சாப்பிட்டால் குடலில் புழு வரும். மூளைக்குப் போவது, புழு உள்ளவரின் மலத்திலிருந்து கை, காய்கறி, தண்ணீர் வழியாக நம் வாய்க்கு வரும் முட்டை. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

முதல் ஸ்கேன் அவளுக்கு நோய் என்னவென்று சொல்லி, தேவையில்லாத டி.பி. மருந்திலிருந்தோ ஆபரேஷனிலிருந்தோ காப்பாற்றியிருக்கலாம். அதை எடுத்தது நல்லது. இரண்டாவது ஸ்கேனுக்கும் காரணம் இருக்கிறது: புள்ளி மறைந்ததா, சுண்ணாம்பு படிந்து நின்றுவிட்டதா என்பதைப் பொறுத்து வலிப்பு மருந்தை எவ்வளவு காலம் தருவது என்று முடிவு செய்வார்கள். ஆனால் மூன்று விஷயம் டாக்டரிடம் பேசுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை மயக்கமருந்து இல்லாமல் அசையாமல் படுக்கும், அதனால் கதிரே இல்லாத எம்.ஆர்.ஐ. போதுமா என்று கேளுங்கள். சுண்ணாம்பு படிந்ததைக் காட்டுவதில் சி.டி.தான் கெட்டி, அதற்காக அதையே எழுதினால் சரி. அடுத்தது, ஊசிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு முறை எடுப்பது அவசியமா, ஒரு முறையே போதுமா. அப்புறம், அங்கே குழந்தைக்கான அளவு வைத்து எடுப்பார்களா. இடையில் சும்மா தலைவலி என்றதும் பதறிப்போய் வேறு சென்டரில் எடுத்துவிடாதீர்கள். முன்பு எடுத்த படத்தைக் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள், அது பக்கத்தில் இல்லாமல் இந்த ஸ்கேனுக்கு அர்த்தமே இல்லை.

கே: ஸ்கூட்டியில் விழுந்து தலைக்கு சி.டி. எடுத்தேன். பத்து நாள் கழித்துத்தான் கர்ப்பம் என்று தெரிந்தது. குழந்தை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடு என்கிறார்கள். மூன்று வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. தூக்கமே இல்லை.
— வாசகி, வாலாஜாபேட்டை

ப: கலைக்காதீர்கள் அம்மா. ஸ்கேன் கதிர் பட்டது உங்கள் தலையில். அங்கிருந்து சிதறி வயிற்றுக் குழந்தையை எட்டுவது 0.01 மில்லிகிரேக்கும் (உடம்பு உறிஞ்சும் கதிரை அளக்கும் அலகு) குறைவு, அதாவது ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவு. கதிரால் குழந்தைக்கு உறுப்புக் குறை வந்ததாகக் காட்டப்பட்டதெல்லாம் 50, 100 மில்லிகிரேக்கு மேலேதான். வயிற்றிலேயே ஒரு சி.டி. எடுத்திருந்தாலும் வழக்கமாக 10 முதல் 25-க்குள் நின்றிருக்கும், அதற்கும் கலைக்கச் சொல்ல மாட்டோம். இந்தப் பதிலைக் கத்தரித்து, கலைக்கச் சொன்னவர்களிடம் காட்டுங்கள், உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் ஸ்கேன் விவரத்தைச் சொல்லிவிடுங்கள். இனி எந்தப் படம் எடுக்கப் போனாலும், நாள் தள்ளியிருந்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

கே: ஸ்கேன் எடுத்துவந்தால் உடம்பில் கதிர் தங்குமா? இளநீர் குடித்தால் போய்விடும் என்கிறார்களே? என் மனைவி பால் கொடுக்கிறார், இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார்கள்.
— வாசகர், சோளிங்கர்

ப: தங்காது. மெஷினை நிறுத்திய நொடியே கதிர் நின்றுவிட்டது, வெளியேற்ற உள்ளே ஒன்றும் இல்லை, குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம். இளநீர் தாகத்துக்குக் குடியுங்கள். ஊசி மருந்து கதிர் கிடையாது, அயோடின் கலந்த சாயம், அதுவும் தாய்ப்பாலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் போகிறது, அதிலும் குழந்தையின் குடல் உறிஞ்சுவது மிகச் சொற்பம். பாலை நிறுத்த வேண்டியதில்லை.

கே: என் இரண்டு வயது மகனுக்கு நெஞ்சு சி.டி. எடுத்தபோது என்னை உள்ளே நின்று பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு ஈய அங்கி தந்தார்கள், குழந்தைக்கு ஒன்றுமே போடவில்லை. இது சரியா?
— ஒரு தகப்பன், போளூர்

ப: சரிதான். உங்களுக்கு அங்கி கட்டாயம் தர வேண்டும், தந்திருக்கிறார்கள். குழந்தைக்குத் துண்டு துண்டாக ஈயத்தகடு போடும் பழக்கம் முன்பு இருந்தது. 2019-ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அது வழக்கமாக வேண்டாம் என்று சொன்னதிலிருந்து பல நாடுகள் விட்டுவிட்டன. படம் எடுக்காத பகுதிக்குப் போகும் கதிர் பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே சிதறிப் போவது, மேலே போட்ட தகடு அதைத் தடுக்காது. எடுக்கிற பகுதிக்குள் தகடு வந்துவிட்டாலோ, உடம்பின் பருமனைப் பார்த்துத் தானாகக் கதிரைக் கூட்டிக் குறைக்கும் மெஷின் ஏமாந்து கதிரைக் கூட்டிவிடலாம், படம் கெட்டு மறுபடி எடுக்கவும் நேரலாம். நீங்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டு அவன் அசையாமல் இருந்ததே அவனுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு.

கே: எங்கள் ஊரைச் சுற்றி எத்தனையோ ஸ்கேன் சென்டர். எது பாதுகாப்பானது என்று சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது? அரசாங்கம் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறதா?
— வாசகர், இராணிப்பேட்டை

ப: நோயாளிக்கு உச்சவரம்பு எந்த நாட்டிலும் கிடையாது, உயிர் காக்கும் ஸ்கேனை எண் பார்த்து நிறுத்த முடியாது என்பதால். வரம்பு உள்ளது அங்கே வேலை செய்கிறவர்களுக்கு: ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அவர்கள் நெஞ்சில் குத்தியிருக்கும், கதிரை அளக்கும் பேட்ஜ் அதற்காகத்தான். இந்தியாவில் சி.டி. மெஷின் ஓட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் வேண்டும், பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வேண்டும், குறிப்பிட்ட கால இடைவெளியில் மெஷினின் தரத்தைச் சோதிக்க வேண்டும். உரிமம் எங்கே என்று கேளுங்கள், காட்டத் தயங்கும் இடத்தில் படுக்காதீர்கள்.

அதைவிட முக்கியமாக நான் சொல்வது டோஸ் பக்கம். ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் மெஷினே ஒரு பக்கம் தயார் செய்கிறது, அதில் இரண்டு எண் இருக்கும். சி.டி.டி.ஐ. என்பது எவ்வளவு அழுத்தமாகக் கதிர் விழுந்தது என்று மில்லிகிரேயில் சொல்லும், டி.எல்.பி. என்பது எவ்வளவு நீளத்துக்கு எடுத்தார்கள் என்பதையும் சேர்த்தது. பெரியவர் தலைக்கு டி.எல்.பி. 1,000 என்றால் 0.0021-ஆல் பெருக்குங்கள், 2.1 மில்லிசீவர்ட். வயிற்றுக்கு 0.015, அங்கே 600 என்றாலே ஒன்பது ஆகிவிடும். ஒரு வயதுக் குழந்தையின் தலைக்கு அந்தப் பெருக்கும் எண் 0.0067, அதாவது பெரியவருக்கு வைத்த அதே அளவில் எடுத்தால் குழந்தை வாங்குவது மூன்று மடங்கு. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி என்கிற மருத்துவர் அமைப்பு தலைக்கு வைத்திருக்கும் சி.டி.டி.ஐ. ஒப்பீட்டு அளவு பெரியவருக்கு 75 மில்லிகிரே, ஒரு வயதுக் குழந்தைக்கு 35. அது வரம்பு இல்லை, தாண்டினால் ஏன் என்று பார்க்க வேண்டிய கோடு. குழந்தையின் தலை ஸ்கேனில் 60, 70 என்று நின்ற டோஸ் பக்கங்களை நானே பார்த்திருக்கிறேன், மெஷினில் குழந்தைக்கான அளவு இருந்தும் யாரும் அதை மாற்றவில்லை, ஒரு பட்டனைத் தொட வேண்டிய வேலை அது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

லாஸ் ஏஞ்செல்ஸில் ஒரு பெரிய மருத்துவமனையில் பக்கவாதத்துக்கு எடுக்கும் மூளை ஸ்கேனில் 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு எட்டு மடங்கு டோஸ் போயிருந்தது. 2009-ல் ஒருவருக்கு முடி கொட்டியதால்தான் தெரிந்தது, அதுவரை சுமார் 18 மாதம் யாரும் கவனிக்கவில்லை. அதன்பிறகு கலிபோர்னியாவில் ரிப்போர்ட்டிலேயே டோஸை எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் ஊரில் நீங்கள் கேட்டு வாங்குங்கள். "டோஸ் பக்கத்தையும் சேர்த்துப் பதிந்து கொடுங்கள்" என்றால் போதும், அதற்குத் தனிக் காசு ஆகாது. நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் அந்த அறையில் உள்ளவர்களும் அதைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

கே: பழைய ஃபிலிம் எல்லாம் கறுத்துப் போய்விட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?
— வாசகி, வாணியம்பாடி

ப: ரிப்போர்ட் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இப்போது அச்சிடும் ஃபிலிம் சூடு பட்டால் கறுக்கும், நம் ஊர் கோடையில் தகரக் கூரைக்கு அடியிலும் வண்டி டிக்கியிலும் வைத்தால் சீக்கிரமே வீணாகும். எடுத்த சென்டரில் பழைய படம் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். ஃபிலிமை மட்டும் செல்போனில் போட்டோ பிடித்து வைப்பது போதாது, டாக்டரால் அதில் அளந்து பார்க்க முடியாது. பெயர், தேதி, எந்தப் பகுதி, ஊசி போட்டதா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதி, தகட்டையும் அதிலேயே சொருகி, ரேஷன் கார்டு வைக்கிற பீரோவில் வையுங்கள்.